கூட்டைப் பார்த்தால் குருவி தெரியும்

இலங்கையின் கிழக்கிலே பறவை பார்க்கப் புறப்படுகிறவர்களுக்குக் குமணை என்ற பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாகக் கூடு வைக்கும் அந்த வில்லுகளை, அதாவது ஆழமில்லாத நீர்நிலைகளைப் பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவற்றைப் பற்றி எழுதுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது, நுழைவுச்சீட்டும் ஜீப்பும் இல்லாமல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போனாலும் வரம்போரத்துப் பற்றைக்குள் இருந்து குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு குருவிகளைப் பற்றி. இவற்றைப் பார்க்க எவரும் தூரத்திலிருந்து வருவதில்லை. பக்கத்தில் இருக்கிறவர்களும் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கதிர்க்குருவிகள் என்று பறவை நூல்களில் குறிக்கப்படும் கூட்டத்தையே சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம்முடைய இரண்டு மாவட்டங்களின் தாழ்நிலத்தில் சாம்பல் கதிர்க்குருவி, சாதா கதிர்க்குருவி, காட்டுக் கதிர்க்குருவி, சாம்பல்மார்புக் கதிர்க்குருவி, விசிறிவால் கதிர்க்குருவி ஆகிய ஐந்தும், இவற்றுக்கு நெருங்கிய உறவான தையல்சிட்டும் நிரந்தரமாக வாழ்கின்றன. உலகம் முழுவதிலும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 160 இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி ஆபிரிக்காவுக்கு உரியது. பெருங்காடு இவற்றுக்கு வேண்டியதில்லை. இலுக்கும் நாயுண்ணியும் சூரையும் விடத்தலும் எருக்கலையும் கலந்து கிடக்கும் திறந்த வெளி, ஒரு பக்கம் வயல், மறு பக்கம் குளத்தின் அலைகரை என்று இருந்தால் போதும். வவுணதீவைத் தாண்டிக் கரடியனாறு, உன்னிச்சை வரையிலும், தெற்கே வெல்லாவெளி, நவகிரிப் பக்கத்திலும், அம்பாறை மாவட்டத்தில் சாகாமம், திருக்கோவில், பொத்துவில் ஊடாகப் பாணமை வரையிலும் இத்தகைய நிலம் விட்டுவிட்டுத் தொடர்கிறது.

இவற்றை இனம் பிரித்து அறிவது தொடக்கத்தில் எரிச்சலூட்டும் வேலைதான். எல்லாமே பத்து முதல் பதினைந்து சென்ரிமீற்றருக்குள் அடங்கும் உருவம். மண்ணிறம், சாம்பல், மங்கிய வெள்ளை என்பவற்றுக்கு அப்பால் நிறம் கிடையாது. ஓரிடத்தில் நிலைத்து இருப்பதும் கிடையாது. வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு கொப்பில் தோன்றி, கமராவை உயர்த்துவதற்குள் பற்றையின் அடியில் மறைந்துவிடும். வழிகாட்டி நூல்கள் புருவக்கோட்டையும் வால் நுனியையும் கவனிக்கச் சொல்கின்றன. கண்ணுக்கு முன்னால் கால் மணி நேரம் அசையாமல் இருக்கும் பறவைக்கு அந்த அறிவுரை பொருந்தும். குரல் அதைவிட நல்ல துணை. ஆனால் என்னுடைய அனுபவத்தில், இந்தக் கூட்டத்தை ஒன்றிலிருந்து ஒன்றாக உண்மையில் பிரித்துக் காட்டுவது அவை கட்டும் கூடுதான். எதைக் கொண்டு கட்டுகிறது, எந்த உயரத்தில் கட்டுகிறது, எப்படி இணைக்கிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டால், உடலிலே ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும் இந்தப் பறவைகள் ஒரே பற்றையை எப்படிப் பங்குபோட்டு வாழ்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

கீழ்த்தட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் வியப்பூட்டுவது அங்கேதான் இருக்கிறது. விசிறிவால் கதிர்க்குருவி பத்து சென்ரிமீற்றர் அளவே உள்ள, முதுகில் கருங்கோடுகள் ஓடும் குருவி. புல்லுக்குள் இருக்கும்போது அதைக் காண்பது அரிது. காண வேண்டுமென்றால் வானத்தைப் பார்க்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவி புல்வெளியிலிருந்து எழுந்து, நேராகப் பறக்காமல் அலை அலையாக ஏறி இறங்கி, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு 'ஸிட்' என்று ஒலியெழுப்பிக்கொண்டு தன் எல்லைக்கு மேலே சுற்றும். கத்தரிக்கோல் வெட்டுவது போன்ற அந்த ஒற்றை ஒலியை வயல் வேலை செய்கிற எல்லோரும் கேட்டிருப்பார்கள். எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. தென் ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்கா, ஆசியா ஊடாக வட அவுஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இந்த ஒரே இனம் நம்முடைய வரம்போரத்திலும் அதே ஆட்டத்தை ஆடுகிறது.

அதனுடைய கூடு கட்டப்படும் முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தெளிவான வேலைப் பங்கீடு உண்டு. ஆண் குருவி தரையிலிருந்து அதிக உயரமில்லாத ஒரு புற்கற்றையைத் தெரிந்தெடுத்து, உயிரோடு நிற்கும் புல்லிதழ்களைச் சிலந்தி நூலால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டி, மேற்பக்கம் வாய் உள்ள ஒடுங்கிய நீள்கூட்டின் வெளிச்சுவரை மட்டும் அமைக்கிறது. பெண் வந்து பார்க்கிறது. பிடித்திருந்தால், உள்ளே பஞ்சும் மெல்லிய பூந்துகளும் கொண்டுவந்து மெத்தையிட்டு முட்டையிடுகிறது. பிடிக்காவிட்டால் அந்தச் சுவர் அப்படியே கிடக்கிறது. ஒரு பெண் ஏற்றுக்கொண்டதும் ஆண் குருவி அடுத்த கூட்டுக்கான சுவரைக் கட்டத் தொடங்கிவிடுகிறது, ஏனெனில் ஒரே காலத்தில் பல துணைகளைச் சேர்த்துக்கொள்வது இதன் வழக்கம். சுவராகக் கட்டப்பட்டிருப்பது உயிருள்ள புல் என்பதால் அது வாடுவதில்லை. சுற்றியுள்ள புல் வளர வளரக் கூடும் அதனுள் மறைந்துகொண்டே போகிறது. மாரிகாலத்தில் ஒரே இரவில் வட்டை வெள்ளமாகிவிடுகிற மட்டக்களப்பு மாதிரியான நிலத்திலே, முழங்கால் உயரத்துக்கும் குறைவாகக் கூடு வைக்கிற ஒரு குருவிக்கு, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்படி பல சுவர்களை எழுப்பி வைப்பது நல்ல ஏற்பாடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சற்று மேலே, உயரமான புல்லும் சிறு செடிகளும் கலந்து நிற்கும் தட்டில் சாதா கதிர்க்குருவி கட்டுகிறது. இதன் கூடு முழுக்க முழுக்கப் புல்வேலை. பச்சைப் புல்லிதழை ஓரத்தில் கடித்து, ஒடுங்கிய நீண்ட நாராகக் கிழித்தெடுத்து, நிமிர்ந்து நிற்கும் தண்டுகளுக்கு இடையில் பின்னிப் பின்னி, மேற்பகுதியில் ஒரு பக்கமாக வாய் விட்டு முடிக்கிறது. பெத்தாமார் வெற்றிலை வைத்து இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நாணை இழுத்துத் தொங்கவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பச்சைநாரில் கட்டியது சில நாளில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். அதனால் புதுக்கூடு எது, பழங்கூடு எது என்பதைத் தொடாமலே சொல்லிவிடலாம். முட்டைகள் இந்தக் கூட்டத்திலேயே மிக அழகானவை: பளபளப்பான வெளிர் நீலப்பச்சை நிறத்தில், செம்மண்ணிறத் திட்டுகளும் மயிரிழை போன்ற கோடுகளும் ஓடியிருக்கும். இக்குருவியின் இந்திய உறவினர்கள் குளிர்காலத்தில் நீண்ட வாலும் வேறு நிறச் சிறகும் பெறுகின்றன. இலங்கையில் வாழும் வகை ஆண்டு முழுவதும் குறுகிய வாலுடனேயே இருந்துவிடுகிறது. தென்னிந்தியப் படங்களை வைத்துக்கொண்டு நம்முடைய குருவியைப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாம்பல் கதிர்க்குருவிக்கும் சாதா கதிர்க்குருவிக்கும் அறிவியற் பெயர் இட்டவர் ஒருவரே. தக்காணத்தில் பணியாற்றிய சைக்ஸ் 1832 ஆம் ஆண்டில் இரண்டையும் விவரித்தார். இலங்கைக்குரிய அவற்றின் வகைகளை வேறுபடுத்திப் பெயரிட்டவரும் ஒருவரே: பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இத்தீவில் இருந்த லெக், 1879 இல் அதைச் செய்தார். நம்முடைய சாம்பல் கதிர்க்குருவிக்கு அவர் இட்ட பெயர் அதன் குறுகிய வாலைக் குறிப்பது. படை வேலைக்கு நடுவே ஒருவர் இவ்வளவு நுணுக்கமாக வால் அளந்துகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

சாம்பல் கதிர்க்குருவி இந்தக் கூட்டத்தில் மனிதர்களுக்கு மிக நெருங்கி வாழ்வது. மேலே கருஞ்சாம்பல், கீழே மங்கிய செம்மஞ்சள், சிவந்த கண், எப்போதும் நிமிர்த்திய வால். வயலோரத்தை விட்டு வீட்டு வளவுக்குள்ளும் வந்து கத்தரி, வெண்டிப் பாத்திகளுக்கு இடையில் இரை தேடும். பறக்கும்போது மின்பொறி தட்டுவது போன்ற 'டிக் டிக்' ஒலி ஒன்று கேட்கும். அது இறகிலிருந்து வருகிறது என்று ஒரு சாராரும் அலகிலிருந்து வருகிறது என்று மற்றொரு சாராரும் சொல்லி வந்திருக்கிறார்கள். கூட்டைப் பொறுத்தவரை இது ஒரே முறையைக் கடைப்பிடிப்பதில்லை. தாழ்ந்த பற்றையில் சில இலைகளைச் சிலந்தி நூலால் இணைத்து, அந்த இலைகளுக்கு ஊடாகப் புற்களைச் செருகி, உள்ளே கிண்ணமாக்கி மயிரும் மென்நாரும் இடுவது வழக்கமான கூடு. புல்லை மட்டுமே கொண்டு தளர்வாக உருட்டிய கூடுகளும் காணப்படுகின்றன. ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை: செங்கல் நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு வரை போகும், எண்ணெய் பூசியது போல் மின்னும் முட்டைகள் இதற்கு மட்டுமே உரியவை. கூட்டுக்கு இடைஞ்சல் நேர்ந்தால், கட்டியதைப் பிரித்து அதே பொருளை எடுத்துச் சென்று வேறோர் இடத்தில் புதிதாகக் கட்டுவதும் உண்டு. ஆகையால் வெறுமையாகிப்போன கூடு ஒன்றைக் கண்டால் அது பறிபோனது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

இலையைத் தைப்பதில் பெயர் வாங்கியது தையல்சிட்டு. அதற்குரிய புகழ் இலங்கையிலிருந்தே தொடங்கியது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தரின் ஆளுநராக இங்கே இருந்த லோட்டன், பீட்டர் டி பெவேர் என்ற ஓவியரைக் கொண்டு இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அந்தத் தொகுப்பைக் கண்ட ஆங்கிலேய இயற்கையியலாளர் பெனன்ட், 1769 இல் இக்குருவியை உலகுக்கு அறிவித்தார். பனைமரத்துத் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பாராட்டிப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை என்னும் அளவுக்கு அதற்குப் பெருமை உண்டு. கிணற்றடித் தேசிக்காய் மரத்தில் அதைவிட நுணுக்கமான வேலையைச் செய்கிற தையல்சிட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தையல்சிட்டின் வேலை இப்படி நடக்கிறது. பெண் குருவி அகன்ற ஒரு பச்சை இலையைத் தெரிந்தெடுக்கிறது. தனியிலை போதாவிட்டால் அருகிலுள்ள இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஊசிபோல் கூர்ந்த அலகினால் இலையின் இரு ஓரங்களிலும் நுண்ணிய துளைகள் இட்டு, பஞ்சிழை, தாவர நார், சிலந்தி நூல் ஆகியவற்றை ஒரு துளையால் செலுத்தி எதிர்த்துளையால் வாங்கி விடுகிறது. அதற்கு முடிச்சுப் போடத் தெரியாது. வெளியே வந்த நார் நுனி விரிந்து உருண்டு துளையை விடப் பெரிதாகிவிடுவதால் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஒரு கூட்டில் இவ்வாறு 150 முதல் 200 வரை இணைப்புகள் இருக்கும். துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை கருகுவதில்லை. மேற்பரப்பு வெளியே தெரியும்படி இலை மடிக்கப்படுவதால், மற்ற இலைகளிலிருந்து அதை வேறுபடுத்திப் பார்க்க முடிவதில்லை. இப்படித் தைத்த குழிக்குள்தான் உண்மையான கூடு, அதாவது பஞ்சும் நாரும் கொண்ட கிண்ணம், வைக்கப்படுகிறது. இந்த வேலையை வீட்டு முற்றத்தில் இருந்தே பார்க்கலாம். ஆனாலும் பலர் முதன்முறையாகக் கூட்டைக் காண்பது இலை உதிர்ந்து கீழே விழுந்த பிறகுதான்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாம்பல்மார்புக் கதிர்க்குருவியும் இலை தைக்கும் குருவியே. கூட்டைவிடக் கூட்டமே இதன் அடையாளம், ஏனெனில் கூடு கட்டாத காலத்தில் மற்றவற்றைப் போல் தனியாகவோ சோடியாகவோ இராமல் சிறு குழுவாகப் பற்றைக்குப் பற்றை தாவித் திரியும். காட்டுக் கதிர்க்குருவி இவற்றுள் உருவில் பெரியது; 1840 இல் ஜேர்டன் என்ற இயற்கையியலாளர் இதற்குப் பெயரிட்டார். பொத்துவிலிலிருந்து பாணமைக்குப் போகும் வழியில் உள்ளது போன்ற வறண்ட முட்பற்றை நிலம் இதற்கு ஏற்றது. முள்ளுக்கு நடுவே தடித்த புல்லை உருட்டிப் பக்கவாட்டில் வாய் விட்ட உருண்டைக் கூட்டைக் கட்டும். நாகரிகமில்லாத கூடு என்று சொல்லலாம். சூரையின் வளைந்த முட்கள் சுற்றிலும் இருக்கும்போது நாகரிகம் எதற்கு?

இவற்றின் காலக்கணக்கு நம்முடைய வேளாண்மைக் கணக்கோடு பின்னிக் கிடக்கிறது. சாம்பல் கதிர்க்குருவி இலங்கையில் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலும், மீண்டும் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையிலும் கூடு வைக்கிறது. முதலாவது காலம் வடகீழ்ப் பருவமழை நிலத்தை நனைத்துப் பெரும்போக வேளாண்மை வளர்ந்து அறுவடைக்கு வரும் காலம். புழுபூச்சிக்குக் குறைவில்லை, புல்லுக்கும் இலைக்கும் குறைவில்லை. அதற்குப் பிறகு கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் படுவான்கரையில் புல்லெல்லாம் சருகாகிவிடும். மழைக்குப் பின்பு கட்டுகிற குருவிகள் ஈரமான, வளைந்து கொடுக்கிற புல்லையும் இலையையும் நம்பியே கட்டுகின்றன. காய்ந்து முறியும் இதழைக் கிழித்து நாரெடுக்க முடியாது, கருகிய இலையைத் தைக்க முடியாது.

முட்டை பொரிக்க ஏறத்தாழ 12 நாள் ஆகிறது. குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேற அதற்கு மேல் ஏறத்தாழ இரண்டு வாரம். கட்டுகிற காலத்தையும் சேர்த்தால், ஒரு கூடு பயன்படுவது சுமார் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அதற்கு எதிரிகள் ஏராளம்: ஓணான், பாம்பு, கீரி, பூனை, பற்றைக்குள் தாழ்ந்து தேடும் செண்பகம். எதிரி நெருங்கும்போது அடிபட்டதுபோல் நடித்து அதைத் திசைதிருப்பச் சாம்பல் கதிர்க்குருவி முயல்வதும் உண்டு. ஓர் எதிரி மட்டும் நம் நாட்டில் அவற்றுக்குத் தொல்லை தருவதில்லை. இந்தியாவில் இக்குருவிகளின் கூட்டிலே முட்டையிட்டுவிட்டுப் போகிற சாம்பல்வயிற்றுச் சிறுகுயில், இலங்கைக்குக் குளிர்கால விருந்தாளியாக வந்து போகிற பறவை. ஒக்டோபருக்குப் பிறகு கம்பிகளிலும் வேலிகளிலும் அமர்ந்து அது மயிர்க்கொட்டி பிடிப்பதைக் காணலாம். கூட்டுக் களவு வேலையை அது ஊரிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறது. அதே காலத்தில் வடக்கிலிருந்து வரும் பிளித் நாணற்குருவியும் இதே பற்றைகளுக்குள் 'டெக் டெக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு திரியும். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களை மிகவும் குழப்புவது இதுதான். இங்கே அது கூடு கட்டுவதில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் குரல் இருக்காது.

விவசாயிகள் இக்குருவிகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் நினைப்பதில்லை என்பதே விடை. நினைக்கிறவர்களும் நெல்லுக்கு வரும் தூக்கணாங்குருவி, சில்லைக் கூட்டத்தோடு சேர்த்துத்தான் நினைக்கிறார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தகரம் தட்டியும் ஒலிநாடாவை வரம்பில் இழுத்துக் கட்டியும் விரட்டப்படுவது அந்தத் தானியந்தின்னிகள். கதிர்க்குருவிகளின் அலகைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: நெல்லை உரிக்கிற தடித்த கூம்பலகு இவற்றுக்கு இல்லை, சிறு புழுவையும் வண்டையும் சிலந்தியையும் இலைமறைவிலிருந்து பிடுங்கியெடுக்கிற மெல்லிய அலகே உள்ளது. குஞ்சுகளுக்கும் அதையே கொண்டுவந்து ஊட்டுகின்றன. நெல்லிலையை மடக்கித் தின்னும் மடிச்சுக்கட்டிப் புழுவுக்கு மருந்தடிக்கிற செலவை இவை இல்லாமலாக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி ஒரு குருவியை நியாயப்படுத்த வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நெல்லைத் தொடாத ஒன்றுக்கு நெல் தின்கிறவற்றின் பழி வரக்கூடாது என்பதுதான் என் வழக்கு.

நிலத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் படுவான்கரையிலும் அம்பாறையின் எல்லைப்புறங்களிலும் எத்தனையோ வயற்காணிகள் ஆளில்லாமல் விடப்பட்டுப் பற்றைக்காடாகின. போர் 2007 இல் கிழக்கில் ஓய்ந்த பின்பு ஆட்கள் திரும்பினார்கள். காணி துப்பரவாக்கப்பட்டது, வரம்பு கட்டப்பட்டது, வாய்க்கால் வெட்டப்பட்டது. அந்தப் பற்றைகள் குருவிகளுக்கு நல்லவையாக இருந்தன என்று கண்ணீர் வடிக்கிற எழுத்து எனக்கு உடன்பாடில்லை. தன் காணிக்குத் திரும்ப முடியாமல் வாடகை வீட்டில் இருந்த குடும்பத்துக்கு அந்தப் பற்றை எதைக் குறித்தது என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். நான் கவனிப்பது அதற்குப் பின் வந்த வேறொரு துப்பரவை: பயிர் செய்வதற்கு அவசியமில்லாத மூலைமுடுக்குகளையும் மொட்டையாக்கி வைத்தால்தான் காணி காணியாகத் தெரியும் என்ற பழக்கத்தை.

முன்பு வரம்பைக் கத்தியாலும் மண்வெட்டியாலும் செருக்கினார்கள். அது கடினமான வேலை. ஆகவே தேவையான அளவுக்கே நடந்தது, வேலியோரத்தில் ஒரு பட்டை புல்லும் பற்றையும் எப்போதும் எஞ்சியது. இப்போது முதுகில் தெளிகருவியை மாட்டிக்கொண்டு களைநாசினி அடித்தால் அரை நாளில் எல்லா வரம்பும் மஞ்சளாகிவிடும். இதிலே எந்தக் குருவி எதை இழக்கிறது என்பதைக் கூட்டின் கணக்கே சொல்லிவிடுகிறது. வரம்புப் புல் கருகினால் உயிருள்ள புல்லில் சுவர் எழுப்பும் விசிறிவால் கதிர்க்குருவி முதலில் போகும். குளத்தலைப்பிலும் வாய்க்காலோரத்திலும் உயர்ந்த புல் வெட்டப்பட்டால் சாதா கதிர்க்குருவி போகும். வேலிப்பற்றை பிடுங்கப்பட்டு முள்ளுக்கம்பி வந்தால் சாம்பல் கதிர்க்குருவி வளவுக்குள் ஒதுங்கும். முட்பற்றை மேட்டைப் புல்டோசர் தள்ளினால் காட்டுக் கதிர்க்குருவிக்கு ஒதுங்க வேறிடமில்லை. கடைசி வரையில் நிற்கக்கூடியது தையல்சிட்டு ஒன்றுதான், அதற்கு ஒரு தேசி மரமோ அகன்ற இலைச் செடியோ போதும் என்பதால். அதனால்தான், ஒரு வட்டையில் கேட்கிற குரல்களை வைத்தே அங்கே எந்த மட்டம் வரை வெட்டியிருக்கிறார்கள் என்று ஓரளவுக்கு ஊகிக்க முடிகிறது.

தீ வேறு ஒரு கதை. கச்சான் காலத்தில் இலுக்கு மேடுகளுக்கு நெருப்பு வைப்பது மாட்டுக்குப் புதுத்துளிர் கிடைப்பதற்காக; அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவது அடுத்த உழவுக்கு வழிவிடுவதற்காக. உச்சக் கோடையில் வைக்கும் தீயினால் கூடுகளுக்கு நேரும் கேடு குறைவு, அப்போது பெரும்பாலானவை கட்டுவதில்லை. மார்ச்சில், அறுவடை இயந்திரம் வெளியேறிய கையோடு, வரம்பையும் சேர்த்துக் கொளுத்துவதுதான் குஞ்சு இருக்கும் கூட்டைக் கொண்டுபோகிறது. சில வாரம் தள்ளி வைத்தால் அதே தீயால் அவ்வளவு சேதமில்லை.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். கைத்தொலைபேசியில் குருவியின் பாட்டை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் வழக்கம் நம் பக்கத்திலும் பரவிவிட்டது. ஆண் குருவி தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது. அதுவரை குஞ்சுக்கு இரை கொண்டுவந்த நேரம் வீணாகிறது. அதைவிட மோசமானது, கூட்டை மறைத்திருக்கும் புல்லை விலக்கிக் கட்டிவிட்டுப் படமெடுப்பது. விலக்கிய புல் திரும்பி நிமிர்வதில்லை. செண்பகத்துக்கு வழி காட்டியது போல் ஆகிவிடும். முட்டை நிறத்தைப் பற்றி மேலே எழுதியதை வைத்து எவராவது கூட்டுக்குள் விரல் விடப் புறப்பட்டால் எனக்கு அது வருத்தமாக இருக்கும். தூரத்தில், வரம்பின் மறுமுனையில், நிழல் பார்த்து உட்கார்ந்தால் போதும். அலகில் புல்லோடு போனால் கட்டுகிறது, புழுவோடு போனால் குஞ்சு இருக்கிறது. அந்த இரண்டையும் இருகண்ணாடி இல்லாமலே பார்க்கலாம்.

எங்கள் வயலுக்கு அடுத்த வயல் தூரத்து உறவுமுறையில் மாமா ஒருவருடையது. இரண்டுக்கும் பொதுவான வரம்பு சற்று அகலமானது. அதில் இலுக்கும் நாயுண்ணியும் மண்டி, விசிறிவாலும் சாம்பலும் இரண்டுமே கூடு வைக்கும். களைநாசினி அடிக்கும் நாளில் அந்த வரம்பை மட்டும் அறுவடை முடிந்து ஒரு மாதம் வரைக்கும் விட்டுவைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"பற்றைக்குள்ள என்னத்தத் தேடுறாய் எண்டு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன் மனே," என்றார். "குருவிக்காக வரம்ப விடுறதெண்டா விடலாம். எலி வந்து வளை போட்டா மறுகா என்ன செய்வாய்?"

அவருடைய கேள்வி நியாயமானது. புல் மண்டிய வரம்பில் எலி வளை வைக்கும். கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் ஓர் இரவுக்குள் நெல்லை வட்டமாக அறுத்துப் போட்டுவிடும். வரம்பைச் சுத்தம் செய்வதற்கு விவசாயிக்கு இருக்கிற முதற்காரணமே அதுதான், அழகு பார்ப்பது பிறகு வருவது. ஆகவே முழுவரம்பையும் கேட்பதை விட்டுவிட்டு, வாய்க்கால் பக்கமாக ஈரம் நிற்கிற, வளை தோண்ட வசதியில்லாத பகுதியை மட்டும் கேட்டேன். வரம்பின் நீளத்தில் அது மூன்றிலொரு பங்கு இருக்கும். கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றவர், "அந்தத் துண்ட விடுவம், மத்தத அடிப்பம். ஆனா எலி வெட்டினா, பொறி வைக்க ராவைக்கு நீதான் வரோணும்," என்றார்.

பொறி இரண்டு வாங்கி வயல் வாடியில் வைத்திருக்கிறேன்.